இங்கிலீஷ் சாரின் தோதான சொற்கள்

குடவாசல் பக்கம் நெடுஞ்செழியன் என்றால் யோசிப்பார்கள். 'இங்கிலீஷ் சார்' என்றால் பஸ் கண்டக்டரே வீட்டைக் காட்டிவிடுவார். முருகையனின் உரக்கடை மாடியில் போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறார். அடடா, என்ன பாடம்! 'எக்ஸ்பீடியன்ட்' என்றால் அந்த நேரத்துக்குத் தோதானது. அது நியாயமா என்ற கேள்வியே அதற்குள் கிடையாது. 'ப்ராப்பர்' என்றால் தகுந்தது. தோதுப்படாவிட்டாலும் செய்ய வேண்டியது. முன்னதோடு சேர்வது அட்வைசபிள், பாலிடிக், ப்ரூடன்ட். பின்னதோடு ஃபிட்டிங், சீம்லி, டீசன்ட். இரண்டையும் குழப்பினால் மார்க் போச்சு என்பார். மனைவி பூவிழிக்கு எந்தத் தேர்வும் எழுதாமலே அத்தனையும் மனப்பாடம்.

அந்த மனுஷன் குடியிருப்பது முதல் வரிசைச் சொற்களில் மட்டும்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். பெற்றவர்கள் கூலி வேலை பார்த்தவர்கள். தம்பி எம்.ஏ. முடிக்க வேண்டும் என்று அக்கா எழில்மொழி எட்டாவதோடு பள்ளியை விட்டு நடவுக்குப் போனாள். அப்படிப் படித்தவர், முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு டீச்சரை அநியாயமாக நிறுத்தியபோது என்ன செய்தார்? மற்றவர்கள் எல்லாம் கேட்கப் போனார்கள். இவருக்கு மட்டும் அன்றைக்குக் காய்ச்சல். "அட்வைசபிள் இல்ல பூவு" என்றார். அக்கா மகள் வேறு சாதியில் விரும்பிக் கட்டிக்கொண்டபோது, கல்யாணத்துக்குப் போனால் "சீம்லியா இருக்காது" என்றார். ஒரு தொடைநடுங்கிக்கு இங்கிலீஷில் எத்தனை போர்வை, பாருங்கள்!

இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைவு. சம்பா நெற்கதிர் பால் பிடிக்கிற நேரம். வாய்க்காலுக்கு முறை வைத்தார்கள். எந்தக் கிழமை யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி எடுப்பது எப்போதும் சார்தான். தகராறு வந்தால் சீட்டு எடுத்தவர் சொல்வதே முடிவு. அது அந்த ஊர் வழக்கம். வாய்க்கால் முடிகிற கடைமடையில் வயல் வைத்திருக்கும் எழில்மொழிக்குப் புதன்கிழமை விழுந்தது. புருஷனை இழந்தவளுக்கு அந்தத் துண்டு வயல்தான் சோறு. புதன் காலையில் போய்ப் பார்த்தால், மேலே முருகையன் மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பியிருந்தான்.

கோயில் வாசலில் கூட்டம் கூடியது. எழில்மொழி முன்னால் வந்து நின்றாள். "இன்னிக்கித் தண்ணி பாயலன்னா எல்லாம் பதராப் போயிரும். யாரு முறைன்னு தம்பிய சொல்லச் சொல்லுங்க, போதும்."

சார் கனைத்துக்கொண்டார். முருகையனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "முறைன்னு பாத்தா... இப்ப உள்ள சூழ்நிலைல ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போறதுதான் ப்ரூடன்ட்."

"படிச்சவரு சொல்லிட்டாருல்ல, அவ்வளவுதான்" என்று முருகையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான்.

பூவிழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உக்காருங்க! புதன்கிழமை எங்க அண்ணி முறை. சீட்ட எடுத்தது இவரு, படிச்சுச் சொன்னதும் இவரு. நீங்க எல்லாரும் அங்கதான நின்னீங்க? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பூவு, நாலு பேரு முன்னால இது ப்ராப்பர் இல்ல..."

"உங்க ப்ராப்பர மாடியிலயே வச்சுக்குங்க."

யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் "ஆமா, எழிலு முறைதான்" என்றார். பிறகு நாலைந்து பேருக்கும் வாய் வந்தது. முருகையன் முணுமுணுத்துக்கொண்டே ஆளைவிட்டு மூட்டைகளை எடுக்கச் சொன்னான். போகிற போக்கில் சாரிடம், மாடியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டும் போனான். இத்தனை தோது பார்த்தவருக்கு அதுவும் மிஞ்சவில்லை.

மத்தியானம் கடைமடைக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சார் அங்கே ஓடினார். வயலுக்குத் தண்ணீர் நுழைகிற மடையில் போய் நின்றுகொண்டார்.

"அக்கா, நான் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசியிருந்தா பெரிய சண்டையாப் போயிருக்கும். பக்குவமாப் பேசினதாலதான் இப்ப..."

எழில்மொழி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. தூக்கி வளர்த்த தம்பியை அவள் அதுவரை நீங்க என்று சொன்னதே கிடையாது.

"கொஞ்சம் அந்தப் பக்கமாப் போயி நில்லுங்க சார்" என்றாள். "தண்ணிய மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."