நான் ஒளித்து வைத்த மாத்திரைகள்

எண்பத்தாறாம் வருஷம் என் தொடை இரண்டும் இனி உதவாது என்றே நினைத்தேன். மலேசியாவில் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள் நான். மரத்தடியில் குந்தினால் எழ முடியவில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் என் கணவர் தேவசகாயம் வந்து தூக்கிவிட வேண்டும்.

அதற்கு மூன்று மாதம் முன்பு என் அண்ணன் நெஞ்சுவலியில் இறந்திருந்தார். பயந்துபோன கணவர் என்னைக் கூலிம் டவுனில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனார். ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று மாத்திரை கொடுத்தார்கள். அதன்பிறகுதான் இந்த வலி. வேலை அலுப்பு என்று கணவர் தினமும் தைலம் தேய்த்துவிட்டார். பாவம், நல்ல மனிதர். நானும் அழுது ஜெபித்தேன். வலி போகவில்லை.

ஒருமுறை மாத்திரை தீர்ந்து, இரண்டு வாரம் வாங்கப் போக முடியவில்லை. வலி குறைந்துவிட்டது. காரணம் எனக்கு அப்போதே புரிந்தது. ஆனால் டாக்டரிடம் அவர் கொடுத்த மருந்தையே குறை சொல்வதா? வெட்கப்பட்டேன். புதிதாக வாங்கி வந்ததை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கணவர் கேட்டால் சாப்பிட்டாயிற்று என்பேன்.

அந்த ஞாயிறு சபையில் எழுந்து, ஆண்டவர் என் காலைத் தொட்டுச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். மாத்திரையைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து எங்கள் சபையைச் சேர்ந்த ரோசம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு கண்டவர். வாசலிலேயே மூச்சு வாங்கினார்.

"உன் சாட்சியக் கேட்டு எனக்கும் விசுவாசம் வந்திருச்சு. நெஞ்சு மாத்திரைய நிறுத்திட்டேன்லா. ஒம்பது நாளாச்சு."

ஆண்டவரே, என் பொய்யால் இவர் உயிர் போக வேண்டாம், உண்மையைச் சொல்ல எனக்கு வாயைக் கொடும் என்று நின்றபடியே ஜெபித்தேன்.

"அக்கா, நான் மறைச்சிட்டேன். மாத்திரைய விட்டதாலதான் என் வலி போச்சு."

"அடிப்பாவி," என்றார். பிறகு என் கையையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருந்த கணவருக்கு எல்லாம் கேட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. கார் பிடித்து வந்து எங்கள் இருவரையும் கிளினிக்குக் கொண்டுபோனார்.

அக்காவின் இருதயம் தாங்கியிருந்தது. மாத்திரையை உடனே தொடரச் சொன்னார் டாக்டர். நான் நடந்ததைச் சொன்னபோது என்னிடம் கோபப்படவில்லை.

"வலிச்சா வந்து சொல்லணும்மா. நீங்களா நிறுத்தக் கூடாது. வேற வழி இருக்கு."

என் ரத்தத்தைச் சோதித்தார். மாத்திரைக்குப் பதிலாகத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் தூள் ஒன்று கொடுத்தார். மணலைக் குடிப்பது போல இருக்கும். ஆனால் கால் வலிக்கவில்லை. தேங்காய்ப் பாலையும் பொரித்ததையும் குறைக்கச் சொன்னதால் இப்போது கணவரே குழம்பு வைக்கிறார். அதன் ருசியைப் பற்றி மட்டும் சாட்சி கேட்காதீர்கள்.

அன்பானவர்களே, உங்கள் வலியை ஆண்டவரிடம் நம்பிச் சொல்லுங்கள். டாக்டரிடமும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். எனக்கு இரங்கியவர் உங்களுக்கும் இரங்குவார்.

கிளினிக் போய்வந்த அடுத்த ஞாயிறு நான் சபையில் மறுபடி எழுந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். அன்று யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ரோசம்மா அக்கா மட்டும் "ஸ்தோத்திரம்" என்றார். உயிரோடு உட்கார்ந்து சொன்னார். எனக்கு அது போதும்.