ஆற்றுக்குள் போட்ட கூடாரம்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. காரைக்குடியிலிருந்து நான், கணவர், ஐந்து வயது மகள் மூவரும் திருப்பத்தூர் தாண்டி ஒரு காட்டாற்றுக்குப் போயிருந்தோம். ஆன்லைனில் வாங்கிய கூடாரத்தை உடனே விரித்துப் பார்க்க வேண்டும் என்று மகளுக்கு ஒரே பிடிவாதம். அந்த இடத்தில் ஆறு செம்மண்ணை அறுத்துக்கொண்டு பள்ளத்தில் போகும். இரு பக்கமும் கரை இரண்டு ஆள் உயரம். நடுவில் காய்ந்த மணல், நல்ல நிழல். அங்கேயே கூடாரம் அடித்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

மூன்று மணி இருக்கும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும்.

"ஆத்துக்குள்ளயா உக்காந்திருக்கீக? மேல வந்துருங்க. இந்த ஆறு வர்ற பிரான்மலைப் பக்கம் மழை கொட்டுது."

"இங்க ஒரு தூறல்கூட இல்லையே" என்று கணவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தப் பெண் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். இம்முறை சரிவில் சறுக்கி இறங்கி, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "நீங்க சிரிச்சாலும் சரி, வஞ்சாலும் சரி. பிள்ளைய மேல கொண்டு போறேன்" என்று ஏறத் தொடங்கினார். பதறிப்போய் நானும் பின்னால் ஏறினேன். கணவர் மட்டும் கூடாரத்தைச் சுருட்டிவிட்டு வருவதாகச் சொல்லி நின்றார்.

நான் கரையைத் தொட்டபோது லாரி வருவது போல ஓர் இரைச்சல். முள்ளும் கட்டையுமாகச் செந்தண்ணீர் வளைவில் திரும்பியது. கணவர் நாலடி ஏறுவதற்குள் தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்துவிட்டது. ஒரு வேரைப் பற்றிக்கொண்டு தொங்கினார். வேரைச் சுற்றி மண் கரைந்து விழுவது மேலிருந்து எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் மகளை இறக்கிவிட்டு, தழை பறிக்கும் துறட்டிக் கம்பைக் கீழே நீட்டினார். "வேர விட்டுட்டுக் கம்பப் புடிங்கண்ணே!" இருவரும் குப்புறப் படுத்து இழுத்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கணவர் மேலே வந்து விழுந்தபோது கீழே கூடாரம் இல்லை, மணலும் இல்லை. மகள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆடு அங்குட்டுச் செதறிப் போச்சுண்ணே, வாரேன்" என்று அந்தப் பெண் ஓடிவிட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று அந்தப் பெண் விட்டிருந்தால் நாங்கள் மூவரும் இல்லை. யாராவது கேலி செய்தால் சட்டென்று வாயை மூடிக்கொள்கிற சுபாவம் எனக்கு. ஆனால் ஆபத்து என்று தெரிந்தால், எதிரில் இருப்பவர் சிரித்தாலும், இப்போதெல்லாம் இரண்டாம் முறையும் போய்ச் சொல்லிவிடுகிறேன்.