தலைவர் போனால் எல்லாரும் போன மாதிரி

லாயர் ஆபீஸ் கிராணி வேலை என்றால் டைப் அடிப்பது, ஃபைல் கட்டுவது என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். உண்மையில் அது அடுத்தவர் தலையில் விழப்போகும் இடியை முன்கூட்டியே தமிழில் சொல்லும் வேலை. எண்பதுகளின் நடுவில், கோல சிலாங்கூரில், ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். எங்கள் லாயர் ஈப்போக்காரர். தமிழர்தான். ஆனால் சட்டம் பேச ஆரம்பித்தால் வாயில் இங்கிலீஷ் மட்டும்தான் வரும். ஆகவே அர்த்தம் சொல்வது என் தலையெழுத்து. நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, நீங்கள் போடாத சட்டத்துக்குத் திட்டு வாங்கியவராக இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். ஒரே ஒரு கேஸை மட்டும் சொல்கிறேன். அதற்கே எனக்கு ஆயுசு போதவில்லை.

லைசென்ஸி

புக்கிட் பெலிம்பிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் மரங்களைச் சாய்த்துவிட்டு வீடு கட்டி விற்கப் போகிறார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், கடைசி லயத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மிச்சம். வேலை ஏற்கெனவே போய்விட்டது. இப்போது வீட்டையும் விடச் சொல்லிக் கேஸ். மாற்று வீடு கொடுக்கிறவரை எங்களை இருக்க விடுங்கள் என்பதுதான் அந்த ஜனங்கள் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

முதல் நாள் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் கோயில் தலைவர் பெருமாள் அண்ணன். லயத்துக்கே அவர்தான் வாய். கூட வந்தவர் அஞ்சலை அக்கா, ரப்பர் மரத்தில் பால் வெட்டியே பிள்ளைகளை வளர்த்தவர். எதிர்த்தரப்பு லாயர் இவர்களை 'லைசென்ஸி' என்று எழுதியிருந்தார். வாடகைக்காரனுக்காவது கொஞ்சம் உரிமை உண்டு, லைசென்ஸி என்றால் சொந்தக்காரர் அனுமதியில் தங்கியிருப்பவர், அனுமதி போனால் அவரும் போக வேண்டியதுதான் என்று நான் விளக்கினேன். அஞ்சலை அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் பொறந்ததே அந்த வூட்டுலதான், கிராணியம்மா. அனுமதி வாங்கிட்டுப் பெத்துக்கன்னு எங்கம்மாகிட்ட அப்ப எந்தத் தொரையும் சொல்லலியே!"

வேக்கண்ட் பொசெஷன்

அடுத்த தடவை இந்தச் சொல் வந்து சேர்ந்தது. இடத்தைக் காலியாக ஒப்படைக்க வேண்டும். ஆள் இருக்கக் கூடாது, சாமான் இருக்கக் கூடாது, கோழிக்கூண்டு கூட இருக்கக் கூடாது. பெருமாள் அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். லயத்துக்குப் பின்னால் ஆலமரத்தடியில் அவர் தாத்தா காலத்தில் நட்ட முனியாண்டி கல் இருக்கிறது. அதுவும் அந்த நிலத்தில்தான் சேர்த்தியா என்று கேட்டார். லாயரைக் கேட்டேன். நிலத்தில் உள்ளது எல்லாம் சேர்த்திதான் என்றார். சொன்னேன். சொல்லிவிட்டு, ஃபைலைத் தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஆளுங்கள நான் வெளிய கூட்டிட்டு வந்துருவேன்மா. முனியாண்டியக் காலி பண்ணச் சொல்லி யாரு போயி நோட்டீஸ் குடுப்பா, உங்க லாயரா?"

வித்தவுட் பிரெஜுடிஸ்

நடுவில் எதிர்த்தரப்பிலிருந்து பணிவான ஒரு கடிதம் வந்தது. இன்னும் ஆறு மாதம் இருக்கட்டும், போகும்போது லோரி செலவு நாங்களே தருகிறோம், மாற்று வீடு பற்றியும் யோசிக்கலாம். எனக்கே சந்தோஷமாகிவிட்டது. லாயர் தலைப்பில் இருந்த இரண்டு சொற்களைத் தொட்டுக் காட்டினார். இது சமாதானப் பேச்சு, ஒத்துவராவிட்டால் கோர்ட்டில் எடுத்துக் காட்ட முடியாது என்று அதற்குப் பொருள். ஒத்துவரவில்லை. மாற்று வீட்டைப் பற்றித் திரும்பக் கேட்டதும் அந்தப் பக்கம் மூச்சே இல்லை. பெருமாள் அண்ணன் அந்தக் கடிதத்தை மடித்து என் மேசைமேல் வைத்தார்.

"அப்ப, திட்டுனா கோர்ட்டுல செல்லும், நல்ல வார்த்த பேசுனா மட்டும் செல்லாது. நல்லாத்தான் இருக்கு லா உங்க சட்டம்."

வாரண்ட் டு ஆக்ட்

லாயர் ஒருவருக்காக வாதாட வேண்டுமென்றால் அந்த ஆளே கையெழுத்துப் போட்டு அனுமதி தர வேண்டும். கேஸ் ஒவ்வொரு குடும்பத்தின் பேரிலும் தனித்தனியாக இருந்தது. எல்லாரும் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பெருமாள் அண்ணன் மட்டும் வந்தார். வந்தவர் தன் பெயரைப் போட்டார், பிறகு பேனாவைக் கீழே வைக்காமல் அஞ்சலை, ராமாயி, சுப்பையா என்று வரிசையாக லயம் முழுக்கப் போட ஆரம்பித்தார். நான் பாய்ந்து தாளைப் பிடுங்கினேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தோட்டத்து வழக்கம் அது. தொரை பங்களாவுக்குச் சம்பளம் கேட்கப் போனாலும், யூனியனுக்குப் போனாலும், போலீசுக்குப் போனாலும் தலைவர் ஒருவர்தான் போவார். மற்றவர்கள் வேலைக்குப் போவார்கள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போதுகூட, வயிற்றுவலிக்காரனுக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரன் "இருக்கேன்யா" என்று குரல் கொடுப்பதுண்டு, வேலை வாங்கும் மண்டோரும் கண்டுகொள்ளமாட்டார். இதெல்லாம் கோர்ட்டில் நடக்காது என்று தொண்டை வற்றச் சொன்னேன்.

"லயத்துல பொண்ணு கேக்கப் போறதே நான் ஒருத்தன்தான். ஒரு கையெழுத்துக்கு எதுக்கும்மா ஊரே வரணும்?"

அப்பியரன்ஸ்

கேஸ் நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறி லயத்துக்குப் போனேன். வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லாரும் கோர்ட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள், அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொள்கிறேன், நேரில் ஆஜராகாவிட்டால் வீடு போய்விடும் என்றேன். கலர் தண்ணி கொடுத்தார்கள், முறுக்கு கொடுத்தார்கள், அழகாகத் தலையாட்டினார்கள். அப்போது அவர்கள் தஞ்சோங் காராங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் நின்றால் மறுநாள் லோரியில் ஏற்றமாட்டேன் என்பது அங்கே காண்டிராக்டர் போட்ட சட்டம்.

கேஸ் நாள் காலையில் கோர்ட்டு வாசலில் பெருமாள் அண்ணன் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. தனியாக. மற்றவர்களுக்காக எங்கள் லாயர் தவணை கேட்டார். ஏற்கெனவே ஒரு தவணை கொடுத்தாகிவிட்டது என்று மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். ஊழியர் வாசலுக்குப் போய்ப் பெயர் கூப்பிட்டார். அஞ்சலை. பெருமாள் அண்ணன் கையைத் தூக்கி, "இருக்கேன்யா" என்றார். ராமாயி. "இருக்கேன்யா." மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்த ஆள் எத்தனை பேர் என்று மலாயில் கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

"அவங்க எல்லாம் வேலைக்குப் போயிருக்காங்கய்யா. அவங்களுக்காகத்தான் நான் வந்து நிக்கிறேன்ல, இன்னும் யாரு வரணும்?"

டிஃபால்ட் ஜட்ஜ்மெண்ட்

வராதவர்கள் எல்லாரும் ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆஜரான பெருமாள் மீது கேஸ் தொடரும். முடியும்வரை அவரை யாரும் கிளப்பக் கூடாது. தீர்ப்பு அவ்வளவுதான். ஆறு வருடம் சட்டம் படித்த எங்கள் லாயர் வாசலில் நின்று சிகரெட் பற்றவைத்தார், நீயே சொல்லிவிடு என்பதுபோல என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். எல்லாருக்காகவும் போனவரின் வீடு மட்டும் நிற்கிறது என்பதை எந்தத் தமிழில் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் லயமே திரண்டு எங்கள் மாடிப்படியில் நின்றது. கூப்பிட்ட நாட்களில் எட்டிப் பார்க்காத ஜனம்! தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டோம். ஏன் வரவில்லை என்று கேட்டால் ஒருவர் பாக்கியில்லாமல் 'தலைவர் போனார்' என்றார்கள். கோர்ட்டு அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அஞ்சலை அக்கா என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க வேலைக்குப் போங்க, நான் பாத்துக்கிறேன்னு எங்கள அனுப்பிட்டு, தன் வூட்ட மட்டும் பாத்துக்கிட்டாரு. எவ்வளவு குடுத்தாரு உங்க லாயருக்கு?"

செட்டில்மெண்ட்

லயத்துச் சாமான்களை ஏற்றிப்போக லோரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பெருமாள் அண்ணன் வந்தார். அன்று திருநீறு இல்லை. லயத்தில் யாரும் அவரோடு பேசுவதில்லையாம். கோயிலில் அவர் நீட்டிய கற்பூரத்தட்டை யாரும் தொடவில்லையாம். அவர் ஒருவருக்கு மட்டும் ஏதாவது கொடுத்து விஷயத்தை முடித்துக்கொள்ள எதிர்த்தரப்பு தயாராக இருப்பதாக லாயர் சொன்னார், நான் அர்த்தம் சொன்னேன். அவர் பாதியிலேயே கையை ஆட்டி நிறுத்தினார். எதிரிலிருந்த நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"அதெல்லாம் வேணாம்மா. காலி பண்ணச் சொன்னாங்கள்ல, அதுல என் பேரையும் சேத்துடச் சொல்லுங்க."

அந்த ஆபீசில் இருந்த காலமெல்லாம் தோற்றவர்களுக்குத் தோல்வியின் அர்த்தத்தை எப்படியோ சொல்லிச் சமாளித்துவிட்டேன், தோற்காத ஒரே ஒரு மனிதருக்குத்தான் நீங்கள் தோற்கவில்லை அண்ணே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.