பேண்டேஜ் துணி காய்ந்த பொட்டல்

மகன் தினமும் ஓடி விளையாட வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தபோது, நர்ஸ் பிரித்த பேண்டேஜ் சுருளின் வாசனை, ராஜபாளையத்துக்கு வெளியே அந்தத் துணியை வெளுத்துக் கொடி கொடியாய்க் காயப்போட்ட பொட்டலுக்கு என்னை இழுத்துப்போனது. சின்ன வயதில், முகத்தில் குளிர்ச்சி வீசும் ஈரத்துணிச் சந்துகளுக்குள் ஓடிப் பிடித்து விளையாடுவோம். துணியில் உரசியவன் அவுட்.

"கை படாம ஓடுங்கலே, யாரு புண்ணுலயோ கட்டுற துணி!" என்று அங்கே வேலைபார்த்த அம்மா கத்துவாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மகனைக் காரில் அங்கே கூட்டிப்போனேன். இப்போது துணி மெஷினில் காய்கிறது, பொட்டலில் மனைக்கற்கள்தான். ஓடிப் பிடித்து விளையாடச் சொன்னேன்.

"இங்க யாருமே இல்லையே. யாரப் பிடிக்கப்பா?" என்றான்.

"என்னப் பிடிலே!" என்று, உரசத் துணியே இல்லாத வெளியில், பழக்கத்தில் முழங்கைகளை ஒடுக்கிக்கொண்டு ஓடினேன். மூச்சுவாங்கத் திரும்பிப் பார்த்தபோது, அவன் காருக்குள் உட்கார்ந்திருந்தான்.