கூரைக்கு ஏறச் சப்பாத்து வேண்டும்

அம்மா ஜேர்மனிக்கு வந்தது மாமா மகளின் கல்யாணத்துக்கு. நான் வந்தது கல்யாணம் நடந்த நகரத்தின் இடைக்காலத் தேவாலயக் கூரையைப் பார்க்க. இதை வெளியே சொல்லவில்லை. சிட்னியில், பரமட்டாவில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் உத்தரங்களின் பலத்தைக் கணக்கிடுவது என் வேலை. பல நூறு வருடமாக நிற்கும் மரக்கூரையைத் தொட்டுப் பார்க்காமல் சிட்னிக்குத் திரும்ப மனமில்லை.

கூரைக்குக் கூட்டிப் போவது சனிக்கிழமை காலையில் ஒரு தடவைதான். மறுநாள் எங்களுக்கு விமானம். போனில் குறித்து வைத்திருந்தேன்: முன்பதிவு, தண்ணீர், சிறிய டோர்ச், மூடிய சப்பாத்து. கடைசியது இல்லாதவர்களை மேலே விடமாட்டார்கள்.

தேவாலய வாசலில் அம்மா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"இங்க தேவையில்லை அம்மா."

"சாமி இருக்கிற இடம்தானே பிள்ளை."

பேசிக்கொண்டே நானும் கழற்றிவிட்டேன். சிட்னிக் கோயில் வாசலில் பழகிய கால்கள் என்னைக் கேட்கவில்லை.

உள்ளே தூண்கள் உயரப் போய்க் கிளைவிட்டு ஒன்றையொன்று பிடித்திருந்தன. எடை எந்த வழியாக இறங்குகிறது என்று கழுத்து நோகும்வரை பார்த்தேன். அம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். நேரமாகி வாசலுக்கு ஓடினால் சப்பாத்துகளைக் காணோம்.

"ஆரோ கொண்டு போயிட்டாங்கள் அம்மா!"

"செருப்புக் களவெடுக்க இதென்ன ஊர்த் திருவிழாவே?"

பூட்டுத் திறப்புக் கோர்வையோடு கோபுரக் கதவில் நின்ற வழிகாட்டிப் பெண் என் காலுறையைப் பார்த்து, முடியாது என்று தலையாட்டினார். மற்றவர்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். அம்மா முன்னே போய்த் தன் ஆங்கிலத்தில் சொன்னார்: "இவ ஒஸ்ரேலியாவில இருந்து உங்கட கூரையைப் பாக்கத்தான் வந்தவ. கல்யாணத்துக்கு இல்லை."

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

வழிகாட்டி சிரித்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்த பெரிய பெட்டியைத் திறந்தார். மறந்துபோன குடைகளுக்கு மேலே எங்கள் நாலு சப்பாத்துகளும் இருந்தன. யாரோ விட்டுப்போனவை என்று எடுத்து வைத்தார்களாம். இரட்டை முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மேலே, சற்று முன் அண்ணாந்து பார்த்த வளைவுகளின் முதுகு தெரிந்தது. பூச்சில்லாமல், கவிழ்த்த பெரிய சட்டிகள் போல. அவற்றுக்கு மேல் ஒரே மரம், மரம், மரம். ஒவ்வொரு பொருத்திலும் உளியால் வெட்டிய கோடுகள். அந்தக் காலத்துத் தச்சர்கள் மரங்களை நிலத்தில் பூட்டிப் பார்த்து, இந்தக் கோடுகளால் இலக்கமிட்டு, கழற்றி, மேலே அதே வரிசையில் மறுபடி பூட்டினார்களாம். நானும் என் வரைபடங்களில் ஒவ்வொரு உத்தரத்துக்கும் இலக்கமிடுகிறேனே! டோர்ச்சை அடித்து அடுத்த இலக்கத்தைத் தேடித் தேடிப் போனேன். வழிகாட்டி என்னை இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

இறங்கி வந்து, வாசல் படியில் இருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"ஓம், கெட்டிக்காரர்தான்," என்றார். "நீயும் எங்கட சப்பாத்தில ரெண்டு கோடு வெட்டி வச்சிருக்கலாம்."