கிணற்றுச் சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு

முதல் நாள் மெசின் இறைத்த தண்ணீரில் மண்ணெண்ணெய் மணந்தது. வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு வந்த தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனபோது, விளக்குத் திரியைக் கிள்ளிய விரலில் ஒட்டியிருக்கும் மணம் அதிலும் இருந்தது. அதுவரை எங்கள் தோட்டத்துத் தண்ணீருக்கு ஈரக் கல்லின் மணமும் பனையோலைப் பட்டையின் மணமும்தான் இருந்தன. அண்ணை அந்தத் தண்ணீரில் கால் கழுவிவிட்டு, இனித் தன்னுடைய காலுக்கு நெருப்புக்குச்சியைக் காட்டக் கூடாது என்று பகிடி விட்டார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார்.

எங்கள் தோட்டம் கரவெட்டிக்கு மேற்கே, வல்லை வெளியின் உப்புக் காற்று வந்து எட்டுகிற இடத்தில் இருந்தது. உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். அப்பா மலாயாவில் ஒரு கந்தோரில் கணக்கெழுதும் வேலை செய்தார். தோட்டத்தை அம்மாவும் அண்ணையும் நானுமாகப் பார்த்தோம். அது அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணி. பக்கத்துக் காணி அம்மாவின் தமையனாரான எங்கள் மாமாவினுடையது. இரண்டுக்கும் நடுவே கிணறு ஒன்றுதான். ஆளுக்குப் பாதிப் பங்கு. ஒரு நாள் மாமாவின் "முறை" என்றால் மறுநாள் எங்களுடைய முறை. காணியைப் பிரித்துக் கொடுக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது என்பதால் எங்கள் ஊரார் நாட்களைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

மெசின் வரும்வரை துலா இறைப்புத்தான். கிணற்றுக்கு மேலே நீண்டிருக்கும் துலா மரத்தில் அண்ணை ஏறி முன்னும் பின்னும் நடப்பார். அவர் முன்னே வரும்போது நுனியில் கட்டிய பட்டை தாழ்ந்து நிறையும், பின்னே போகும்போது மேலே வரும். அம்மா அதைப் பிடித்துக் கவிழ்ப்பார். தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி விடுவது என் வேலை. விடியத் தொடங்கினால் வெயில் ஏறும் நேரத்தில் கிணற்று நீர் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்வரைக்கும் இறங்கிவிடும். அப்போது, "கிணறு ஊறட்டும்" என்று சொல்லி நிறுத்திவிட்டுக் கஞ்சி குடிக்க உட்காருவோம். அந்த நேரத்துக்கு மேல் அண்ணையின் காலும் ஓடாது. மனிதர் களைக்கிற நேரமும் கிணறு களைக்கிற நேரமும் ஒன்றாகவே இருந்ததால், கிணற்றுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை.

மாமா மெசின் வாங்கியது ஆடம்பரத்துக்காக அல்ல. முந்திய வருடம் துலாவிலிருந்து சறுக்கி விழுந்து அவருடைய முழங்கால் பிசகிப்போனது. அவருக்கு மகள்மார் மட்டும்தான். எங்கள் அண்ணை இரண்டு வீட்டுக்கும் துலா மிதித்து மெலிந்து போயிருந்தார். ஆகவே மெசின் மாட்டுவண்டியில், சாக்குகளால் மூடிக் கட்டப்பட்டு வந்து இறங்கியபோது மாமாவிலும் பார்க்க அம்மாவுக்கே சந்தோஷம். அதற்குச் சந்தனம் பூசித் தேங்காய் உடைத்தார்கள்.

"உது கஞ்சி கேளாது, கால் நோகுதெண்டும் சொல்லாது" என்றார் மாமா.

"எண்ணெய் கேக்குமே அண்ணை" என்றார் அம்மா.

"எண்ணெய் கப்பலிலை வருது. உனக்கென்ன கவலை?"

மெசின் நன்றாக இறைத்தது; பிழை அதில் இல்லை. களைக்காத ஒன்று கைக்கு வந்ததும் மாமாவுக்கு ஆசை பெருகியது. மழையை நம்பிச் சாமை விதைக்கிற மேற்குத் துண்டையும் கொத்தி, எருவுக்குக் குழை தாழ்த்து, புகையிலை நட்டார். மாசி பிறந்து வெயில் பிடித்தது. அவருடைய முறை நாட்களில் மெசின் காலையும் பின்னேரமும் சத்தமிட்டது. மறுநாள் எங்கள் முறைக்குப் போனால் கிணற்றில் கலங்கல் தண்ணீர்தான் கிடந்தது. எங்கள் மிளகாய்க் கன்றுகள் வெயிலுக்கு முன்னமே தலையைத் தொங்கப் போட்டன. பிறகு ஒருநாள் அண்ணை வாயில் வைத்த தேத்தண்ணீரைத் துப்பிவிட்டு, "ஆர் இதுக்குள்ளை உப்புப் போட்டது?" என்று என்னைப் பார்த்தார். நான் போடவில்லை.

அம்மா போய்க் கதைத்தார். மாமா மறுத்துப் பேசவில்லை. கிணறு வற்றுகிறது என்பதை ஒத்துக்கொண்டார். அதற்கு அவர் கண்ட மருந்துதான் வேறு. அடிக்கல்லை வெடி வைத்துப் பிளந்தால் இன்னும் ஆழத்தில் ஊற்று அகப்படும் என்றார். எங்களுக்கு மேற்கே அப்படி ஆழமாக்கிய ஒரு கிணறு உப்புக் கரித்து முழுச் சவராகி, கைவிடப்பட்டு, பற்றைச் செடிகள் மூடிக் கிடந்ததை அம்மா நினைவுபடுத்தினார். மாமா அதற்கும் பதில் வைத்திருந்தார்: "கொஞ்சம் சவர் ஏறினால் புகையிலைக்குக் காரம் கூடும் தங்கச்சி. நல்ல விலை போகும்." இப்படிப் பலரும் சொல்லித்தான் எங்கள் பக்கத்தில் சவர்த் தண்ணீரைப் பற்றிப் பயப்படாமல் இருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் குடிதண்ணீர் அந்தக் கிணறுதான் என்பதை மாமா மறந்தாரோ, மறந்ததாகக் காட்டினாரோ தெரியாது.

வெடி வைக்கிற நாள் மாமாவின் முறை நாளாக இருந்தது. விடியவே மெசினைப் போட்டுக் கிணற்றை ஒட்ட இறைத்தார். வெடிக்காரர் இரண்டு பேர் வந்து, கல் குத்தும் அலவாங்குகளைக் கீழே போட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு பனையோலைக் கடகத்தோடு, சுவரில் கால் வைக்க வெட்டியிருந்த குழிகளைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கத் தொடங்கினார்.

"எங்கை போறாய்?" என்று மாமா கத்தினார்.

"சேறு வார. கிணறு வத்தின நேரத்திலைதானே வாரலாம்?"

"இண்டைக்கு என்ரை முறை!"

"முறை தண்ணிக்குத்தானே அண்ணை. சேத்துக்கும் முறையோ?"

வெடிக்காரரில் ஒருவர் வெற்றிலைச் சாறு சிந்தச் சிரித்தார். அதற்குள் பக்கத்துத் தோட்டக்காரரும் வேலியோரம் வந்துவிட்டார்கள். "பிள்ளை, நீயும் இறங்கு, கடகம் தூக்க ஆள் வேணும்" என்று கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. நாலு பேர் பார்த்தால் நடையே தடுமாறுகிற பிள்ளை நான், இன்றும் அப்படித்தான். இருந்தும் இறங்கினேன். அவ்வளவு பேரின் கண்ணிலிருந்தும் ஒளிக்க எனக்கு அந்தக் கிணற்றின் அடியைவிட நல்ல இடம் தெரியவில்லை.

கீழே குளிர்ந்தது. கிழக்குப் பக்கக் கல்வெடிப்பிலிருந்து தெளிந்த தண்ணீர் நூல் போலக் கசிந்தது. மெசினின் குழாய் நுனி கிடந்த நடுப்பள்ளத்தில் வேறொரு தண்ணீர் கீழேயிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அம்மா முதல் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார், பிறகு இரண்டாவதில். நானும் வைத்துப் பார்த்தேன். பள்ளத்துத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சினால் உப்புப் போட வேண்டியிராது.

அம்மா வாளியை விடச் சொல்லிப் பள்ளத்துத் தண்ணீரை மேலே அனுப்பினார். மாமா அதை வாயில் வைத்துவிட்டு, "சவர்தான். நான் இல்லையெண்டு சொன்னனானே? புகையிலைக்கு நல்லது" என்றார்.

"புகையிலை குடிக்கும் அண்ணை. மச்சாள் குடிப்பாவோ? அவ ஏன் கோயில் கிணத்திலை குடம் நிறைக்கிறா எண்டு கேட்டுப் பாருங்கோ."

மாமாவின் மனைவியான மாமிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லையாம். வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அண்ணை பிறகு சொன்னார். மாமாவுக்கு அதுவரை தெரியாது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாதிக் கிணறு என்ரை! என்ரை பாதியிலை நான் வெடி வைப்பன். ஆர் கேக்கிறது?"

"வையுங்கோ" என்றார் அம்மா. சேற்றை அள்ளுவதை அவர் நிறுத்தவே இல்லை. "உங்கடை பாதி எதெண்டு ஒரு கோடு கீறிக் காட்டுங்கோ. நான் மற்றப் பாதியிலை இருக்கிறன்."

மூத்த வெடிக்காரர் எட்டிப் பார்த்து, "ஐயா, பொம்பிளையள் உள்ளை இருக்க நாங்கள் வெடிமருந்து வைக்கமாட்டம். நீங்கள் கதைச்சு முடிச்சாப் பிறகு சொல்லி அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் மேலே வராமல் பின்னேரம்வரை சேறு வாரினோம். அடைபட்டிருந்த கிழக்கு ஊற்று மெல்ல மெல்ல விரலளவுக்கு வந்தது.

நாங்கள் ஏறி வந்தபோது மாமா மெசினுக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலைத் தடவியபடி, "நட்டதுக்கு என்ன சொல்லுறாய்?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை. மூன்று குமர்ப்பிள்ளைகளை வைத்திருந்த மனிதர் அவர். அந்தப் புகையிலையை நம்பித்தான் மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியிருந்தார்.

"எல்லாத்தையும் காப்பாத்த ஏலாது அண்ணை. மேற்குத் துண்டை விடுங்கோ. மிச்சத்துக்கு என்ரை முறையிலும் பாதித் தண்ணி எடுங்கோ. நான் என்ரை கத்தரிப் பாத்தியைக் குறைக்கிறன்" என்றார் அம்மா. பிறகு வெற்றிலைத் தட்டத்திலிருந்த சுண்ணாம்பைக் குழைத்து, அண்ணையிடம் கொடுத்து, கிணற்றுக்குள் நீட்டிய அந்தக் கல்லின் மட்டத்தில் சுவரைச் சுற்றி ஒரு கோடு பூசச் செய்தார். தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனால் மெசின் நிற்க வேண்டும்.

"உந்தக் கோட்டைப் பார்த்து நிப்பாட்டினால் துலாவும் மெசினும் ஒண்டுதானே?" என்றார் மாமா.

"ஓம், ஒண்டுதான். உங்கடை முழங்கால் மட்டும் தப்பும்."

மாமா சிரித்தார். வெடிக்காரருக்குச் சொல்லி அனுப்பவில்லை. மேற்குத் துண்டுப் புகையிலை அந்த வருடம் நின்ற நிலையிலேயே மஞ்சளாகிக் காய்ந்தது; மாமா அந்தப் பக்கம் போவதையே விட்டார். மாமாவின் மூத்த மகளான மச்சாளின் கலியாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அம்மாவின் பிடிவாதம் இலவசமாகக் கிடைத்ததல்ல என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

பிறகு யுத்தம் வந்தது. கப்பலில் வந்த மண்ணெண்ணெய் பங்கீட்டுக் கூப்பனுக்கு வந்தது, அதுவும் விளக்குக்கே போதவில்லை. மெசின் சாக்குக்குள் போக, அண்ணை மறுபடியும் துலாவில் ஏறினார். எரித்த எண்ணெயில் ஒரு துளிகூடத் திரும்பி வரவில்லை. கிணறு திரும்பி வந்தது. ஆனால் உடனே வரவில்லை. ஒரு மாரி முழுக்கப் பெய்த பிறகும் கோடையில் நாக்கின் நுனியில் லேசாகச் சவர் தட்டியது. அடுத்த மாரிக்குப் பிறகுதான் மாமி குடத்தோடு எங்கள் கிணற்றுக்கு வந்தார்.

எனக்குப் பெரிய படிப்பு இல்லை. இயற்கை தருவதில் முடிந்து போவது எது, முடியாதது எது என்பதை அந்தக் கிணற்றடியில் பார்த்ததை வைத்தே விளங்கிக்கொண்டேன். வெயிலும் காற்றும் நாம் கேளாமலே நாளைக்கும் வரும். பூவரசில் குழை வெட்டினால் மழைக்கு மறுபடி தளிர்க்கும். நிலத்தின் அடியிலிருந்து எங்கேயோ எடுத்து வந்த எண்ணெய் ஒரு முறை எரிந்தால் புகைதான் மிச்சம். வெடி வைத்துப் பிளந்த கல்லும் அப்படித்தான். எத்தனை மாரி பெய்தாலும் அது பொருந்தாது. கிணற்றுத் தண்ணீர் இந்த இரண்டு வகைக்கும் நடுவில் நிற்கிறது. ஆறில்லாத எங்கள் குடாநாட்டில் மழைநீர் கல்லின் பொந்துகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீருக்கு மேலே, பாலின் மேல் ஆடை போல நிற்கிறது என்று பிற்காலத்தில் கேட்டு அறிந்தேன். ஆடையை மெல்ல எடுத்தால் மறுபடி படியும். அவசரப்பட்டு அள்ளினால் கையில் வருவது வேறு. திரும்பி வருகிற பொருளையும் திரும்பி வராத பொருளாக்க மனிதரால் முடியும். எங்கள் மேற்குப் பக்கத்துக் கிணறு அதற்குச் சாட்சியாக இருந்தது.

இன்று அந்தப் பற்றை மூடிய கிணறும் இல்லை. தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். துலாக்களும் போய்விட்டன. காலையில் எழுந்தால் எல்லாத் தோட்டத்திலும் மெசின் சத்தம்தான், எங்களுடையதும் சேர்த்து. அதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் இல்லை. அண்ணையின் தேய்ந்த பாதத்தைப் பார்த்தவள் நான். எங்களைச் சுற்றியுள்ள சில வீடுகளில் குடிதண்ணீருக்குக் குடத்தோடு தூரம் போகிறார்கள் என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

அம்மாவின் பங்கு எனக்குச் சீதனமாக வந்தது. மாமாவின் பங்கு இப்போது அவருடைய பேரனிடம் இருக்கிறது. ஒவ்வொரு மாரி முடிவிலும் சுண்ணாம்பு குழைத்து அந்தக் கோட்டை நானே இறங்கிப் பூசுகிறேன். இந்த வருடம் மழை குறைவு, மெசின் இன்னும் முந்தியே நிற்க வேண்டும். சென்ற கிழமை கோட்டைப் பழைய இடத்திலிருந்து ஒரு சாண் உயர்த்திப் பூசிக்கொண்டிருந்தபோது அவன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான்.

"மாமி, கோடு ஏறுது!"

எனக்கு ஆட்களோடு வாதாட வராது. "ஓம் தம்பி, ஏறுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரின் அவனுடைய பக்கத்துக்கும் சுற்றி வந்து பூசி முடித்தேன்.