ஐந்தாவது கட்டமும் ஜெசிந்தா அக்காவும்

மார்ச் 10, செவ்வாய்க்கிழமை, காலை 10.40. என் கணினித் திரையில் 412 படிவங்கள். துறையின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: ஜெசிந்தா அக்கா போய்விட்டார். நான்கு நாள் காய்ச்சல். வயது நாற்பத்தாறு. அவரோடு ஒரே வருடம் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தவன் என்பதால் துறையின் அஞ்சலிப் பக்கத்துக்கு என்னையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் நல்லபடியாக எழுதுவீர்கள். நான் உள்ளதை எழுதிவிடுகிறேன். அந்த அக்காமேல் எனக்குப் பொறாமை. இன்னும் தீரவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே நெறியாளர். நான் மின்னணுப் பொறியியல் படித்துவிட்டுத் தொடர்பியலுக்கு வந்தவன். பட்டாசு ஆலை விபத்துச் செய்தி வீடுகளுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பது என் தலைப்பு. அக்கா சிவகாசியில் பள்ளி ஆசிரியை, பகுதிநேர ஆய்வாளர். ஆலை வேன்களில் போகும் பெண்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது அவர் தலைப்பு. ஒரே ஊர், ஒரே ஆட்கள். அவர் தலைப்பை மாற்றச் சொல்லுங்கள் சார் என்று நெறியாளரிடம் நேராகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் வருட ஆய்வுக் குழுக் கூட்டத்தில் நான் நாற்பது ஸ்லைடு காட்டினேன். குழுவினர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அடுத்து அக்கா ஒரு பள்ளி நோட்டோடு எழுந்தார். ஆலையில் மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் பற்றி பாண்டியம்மாள் என்பவர் சொன்னதை வாசித்தார்: “பதினெட்டு வருசமா அந்தப் போர்டுக்குப் பக்கத்துலதான் என் பைய மாட்டுறேன். இதுவரைக்கும் அது எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல.” அறையே சிரிப்பில் குலுங்கியது. இன்னும் வாசிக்கச் சொன்னார்கள். அதே பாண்டியம்மாள் என் படிவத்தில், பலகையைப் படிப்பீர்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் அடித்திருந்தார்.

இந்த மாதிரிப் பேச்சை அக்கா எப்படித்தான் வாங்குகிறார் என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை மல்லாங்கிணற்றிலிருந்து அவரோடு வேனில் ஏறினேன். என்னைக் கண்டதும் வேன் முழுக்க வாய் மூடிக்கொண்டது. தொழிலாளர் ஆபீசிலிருந்து வந்திருக்கீகளா என்று ஒருவர் மெல்லக் கேட்டார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஆபீசரும் இல்ல ஒண்ணும் இல்ல. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ள. முப்பது வயசாகுது, இன்னும் பாஸாகல” என்றார். அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு சிவகாசி வரைக்கும் பேச்சு ஓயவில்லை. எனக்கு அவமானம். அவருக்கு அன்றைக்கு நோட்டில் ஆறு பக்கம்.

என் படிவத்தின் பதினான்காம் கேள்வி: விபத்துச் செய்தி உங்கள் வீட்டுக்கு முதலில் எதன் மூலம் தெரியவரும்? ஐந்து கட்டங்கள். தொலைக்காட்சி, செய்தித்தாள், போன், வாட்ஸப், மற்றவை. 287 பேர் ஐந்தாவதில் டிக் அடித்திருந்தார்கள். கேள்வி புரியாமல் அடித்துவிட்டார்கள் என்று அந்த 287 வரிகளையும் நீக்கிவிட்டு, மிச்சம் 125-ஐ வைத்து அட்டவணை போட்டேன். வாட்ஸப் முதலிடம். கடந்த டிசம்பரில் பெருமையாக அக்காவிடம் காட்டினேன்.

“ஏ தம்பி, அந்த அஞ்சாவது கட்டத்துலதான் ஊரே உக்காந்திருக்கு. அதப் போயி அழிச்சு வச்சிருக்க” என்றார்.

மறு சனிக்கிழமை வேன் நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெண்களையே சொல்ல வைத்தார். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எங்காவது வெடிச் சத்தம் கேட்ட நாளில் வீட்டார் சாலைக்கு வந்து நிற்பார்கள். காலையில் ஏறிய எல்லோரும் திரும்பியிருந்தால், முன்வரிசையில் இடது ஜன்னலோரம் இருப்பவர் தன் தூக்குவாளியை வெளியே தொங்கவிடுவார். வளைவில் வேன் திரும்பும்போதே வாளி தெரிந்துவிடும். யாரும் யாரையும் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாளி தெரியாவிட்டால் ஒருவரும் நகரமாட்டார்கள். அதே நிறுத்தத்தில் நின்றுதான் நான் படிவம் கொடுத்திருந்தேன். இதை உடனே கட்டுரையாகப் போடுங்கள் என்றேன். “மொதல்ல அவுகட்ட வாசிச்சுக் காட்டணும். அப்புறம்தான் அச்சு” என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை 10.40-க்கு எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. இந்தத் தூக்குவாளி விஷயம் துறையில் வேறு யாருக்குத் தெரியும் என்ற யோசனை. அக்காவின் நோட்டுக்கும் எனக்கும் மட்டும்தான். பத்தே நிமிடத்தில் 287 வரிகளையும் திரும்பச் சேர்த்து, ‘தூக்குவாளி: ஒரு தொடர்பியல் கண்டுபிடிப்பு’ என்று என் நான்காம் இயலுக்குத் தலைப்பு அடித்துவிட்டேன்.

மறுநாள் மாலை அடக்கம். கல்லறைத் தோட்டத்து வாசலில் வேலை முடிந்து மூன்று வேன்கள் வந்து நின்றன. என் கண் தானாக இடது ஜன்னலுக்குப் போனது. இறங்கிய பாண்டியம்மாள் அதைக் கவனித்துவிட்டார்.

“என்ன தம்பி பாக்கீக? இன்னைக்கு எப்பிடித் தொங்கவிடுவோம்? எங்க வேன்ல ஒரு ஆளு கொறையுதுல்ல.”

அவர்கள் எண்ணிக்கையில் அக்கா இருந்திருக்கிறார். 412 பேரை எண்ணிய நான் யாருடைய எண்ணிக்கையிலும் இல்லை. மண் போடும்போதும் அந்தப் பொறாமைதான் நெஞ்சில் நின்றது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஐந்தாவது கட்டம். அதுவும் என்னுடையது இல்லை. இனி செய்யப்போவது:

1. நான்காம் இயலில் அடித்த தலைப்பை அழிப்பது. வாட்ஸப் முதலிடம் என்ற அட்டவணையையும்.

2. தூக்குவாளியைக் கண்டு எழுதியவர் ஜெசிந்தா என்று நெறியாளரிடம் எழுத்தில் கொடுப்பது. இந்தப் பக்கத்தின் நகலே போதும்.

3. அவர் வீட்டுக்காரரிடம் இருக்கும் பதினொரு நோட்டுகளையும் தட்டச்சு செய்து கொடுப்பது. என் ஆய்வேடு அதற்குப் பிறகு.

4. அச்சுக்குப் போகுமுன் வேனில் ஏறி அவர்களுக்கு வாசித்துக் காட்டுவது. முதல் நாள் வாய் திறக்கமாட்டார்கள். மறுநாளும் ஏறுவது.